இதழ் வளர்த்த வாசகர்

'இதழ்' என்னும் சொல்லைத் தமிழர் மூன்று பொருளில் ஆளுகின்றனர். மலரின் மடலும் இதழ். வாயின் உதடும் இதழ். கிழமைதோறும் திங்கள்தோறும் அச்சேறி வரும் ஏடும் இதழ். இம்மூன்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. விரியாத வரையில் மூன்றினாலும் பயனில்லை. மலரிதழ் விரிந்தால் மணம். வாயிதழ் விரிந்தால் சொல். ஏட்டிதழை ஒருவர் விரித்துப் படித்தால்தான் இலக்கியம். இலக்கிய இதழ்களின் செல்வாக்கைப் பற்றிப் பேச முற்படும்போது இந்த எளிய உண்மையை முதலில் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

செல்வாக்கு என்றதும் எத்தனை படிகள் அச்சாயின என்றே நாம் கேட்கிறோம். எத்தனை பேர் விரித்தனர், விரித்தவருள் எத்தனை பேர் மறுமொழி எழுதினர், மறுமொழி எழுதியவருள் எத்தனை பேர் பின்னாளில் எழுத்தாளராயினர் என்று கேட்பதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிவரும் நானும் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கக் கற்றது காலந்தாழ்ந்துதான். அத்தாழ்ச்சியால் நேர்ந்த இழப்பொன்றையும் இக்கட்டுரையில் மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடுகள். 1970களின் இறுதியில் அவற்றுள் இதழ் வாங்கும் வீடு ஒன்றே ஒன்று. அது கிராணியார் வீடன்று. பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் வீடு. அவ்வீட்டு அண்ணன் சம்பளப் பணத்தில் சில்லறை ஒதுக்கிவைத்து, பட்டணத்திற்குச் சைக்கிள் மிதித்துச் சென்று 'வானம்பாடி' வார இதழை வாங்கி வருவார். அவர் படித்து முடித்த பின்னர் அது வீடு வீடாக நடக்கத் தொடங்கும். எங்கள் வீட்டை அடையும்போது அட்டை இராது. ஓரங்கள் சுருண்டு, நடுப்பக்கத்தில் யார் வீட்டுக் குழம்போ சிந்திய கறையும் இருக்கும்.

மாலையில் மண்ணெண்ணெய் விளக்கைத் தூண்டிவிட்டு என் தமக்கையார் உரக்கப் படிப்பார். எழுத்தறியாத என் தாயார் அரிசியில் கல் பொறுக்கியபடியே கேட்டுக்கொண்டிருப்பார். கதை முடிந்ததும், "அந்தப் பொண்ணு அப்புறம் என்னா ஆனா?" என்பார். "அவ்வளவுதாம்மா போட்டிருக்கு" என்று அக்காள் இதழை மூடிவிடுவார். அம்மா விடமாட்டார். மறுநாள் விடியற்காலை பிரட்டுக்களத்திற்குப் போகும் வழியில் அண்டைவீட்டுப் பெண்களிடம் அதே கேள்வியைப் போடுவார். நிரையில் மரம் சீவிக்கொண்டே ஆளுக்கொரு முடிவு சொல்வார்கள். எழுதியவர் சொல்லாமல் விட்ட முடிவுகள் நாலைந்து, பால் எடுத்து நிறுக்கும் நேரத்திற்குள் பிறந்துவிடும். ஓர் இதழுக்குப் பன்னிரண்டு வீடுகள். குறைந்தது முப்பது வாசகர்கள். அவருள் பாதிப் பேர் எழுத்தறியாதவர்கள். விற்பனைக் கணக்கில் அது ஒரே ஒரு படிதான்.

1977 இல் தொடங்கப்பட்ட அந்த வார இதழ் மலேசியத் தமிழிலக்கியத்தில் பெற்ற இடத்தை இன்றைய மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். பின்னாளில் நாளிதழ் ஆசிரியராகப் புகழ்பெற்ற ஆதி. குமணனும் அவர்தம் தோழர்களும் நடத்திய இதழ் அது. (கோவையில் 1971 இல் அதே பெயரில் தோன்றிய கவிதை இதழ் வேறு, இரண்டையும் மாணவர்கள் குழப்பிக்கொள்ளலாகாது.) புதுக்கவிதை இந்நாட்டிற்கு 1964 இல் சி. கமலநாதன் வாயிலாக அறிமுகமாயிற்று என ஆய்வாளர் குறிப்பிடுவர். ஆயினும் அதனைத் தோட்டத்து இளைஞரும் நகரத்து எழுத்தரும் எழுதிப் பார்க்கத்தக்க வடிவமாக்கிப் பரப்பியதில் 'வானம்பாடி'க்குப் பெரும்பங்கு உண்டு. மரபுக் கவிஞர் பலர் அதனை ஏற்கவில்லை, கடுமையாக மறுத்தனர். அம்மறுப்பும் இதழின் வளர்ச்சிக்கே உதவிற்று. மக்கள் வாதிடும் பொருளாகக் கவிதை இருந்தமையே அக்காலத்தின் பேறு.

இவ்வாறு வாசகரை வாதத்திற்கு இழுப்பது நம் மண்ணில் புதிதன்று. சிங்கப்பூரில் 1887 இல் சி. கு. மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார். அதில் 1888 இல் வெளிவந்த 'விநோத சம்பாஷணை'யை இவ்வட்டாரச் சிறுகதையின் தொடக்கமாகவே காட்டினார் ஆய்வாளர் நா. கோவிந்தசாமி. அது சிறுகதையா, வெறும் உரையாடலா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். இதழ் பிறந்த மறு ஆண்டிலேயே புனைவுக்கு இடம் கிடைத்துவிட்டது என்பதில் வேறுபாடு இல்லை. நம் நாட்டில் தமிழிலக்கியம் நூலாக நிலைபெறுவதற்கு முன்பு, இதழ் என்னும் தொட்டிலில்தான் கிடந்தது.

இதழ் தொட்டிலாக மட்டும் இருக்கவில்லை, பள்ளிக்கூடமாகவும் இருந்தது. 1924 இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட 'தமிழ் நேசன்', 1950 இல் 'கதை வகுப்பு' ஒன்றை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் சிறுகதை எழுதும் முறையைப் பாடமாக எழுதினர். வாசகர்கள் பயிற்சி எழுதி அஞ்சலில் அனுப்பினர். எண்ணிப் பாருங்கள்! பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமையாத காலம் அது. பகலெல்லாம் தோட்டத்திலும் அலுவலகத்திலும் உழைத்தவர்கள் இரவில் நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு கதைக்கலை கற்றனர். 1952 இல் அந்நாளிதழின் பொறுப்பேற்று வந்த கு. அழகிரிசாமி, 1957 வரை இங்கிருந்தார். தேர்ந்த சிறுகதையாசிரியரான அவர், எழுதுவோரைக் கூட்டிவைத்து அவர்தம் படைப்புகளின் நிறைகுறைகளை நேரில் ஆராய்ந்தார். சிங்கப்பூரில் 1935 இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு', 1950களில் 'மாணவர் மணிமன்றம்' வாயிலாகப் பள்ளிப் பிள்ளைகளை எழுத்துக்கு அழைத்தது. அதில் எழுதத் தொடங்கிய பிள்ளைகள் பலர் பின்னாளில் இருநாட்டிலும் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் விளங்கினர்.

இம்மூன்று முயற்சிகளிலும் ஓர் ஒற்றுமை புலப்படும். எழுத்தாளர் தாமாக வந்து சேரட்டும் என்று அவை காத்திருக்கவில்லை. வாசகனிடம் சென்றன, படி என்றன, படித்ததைப் பற்றி எழுது என்றன, எழுதியதைத் திருத்தித் தந்தன.

விற்பனை குறைந்த இதழும் செல்வாக்கில் உயரக்கூடும் என்பதற்குத் தமிழகத்தில் ஒரு சான்று உண்டு. 1959 இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தது. வார இதழ்கள் தொடர்கதைகளால் இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த அக்காலத்தில், 'எழுத்து' மிகச் சிலரையே எட்டியது. ஆனால் அச்சிலர் வெறுமனே புரட்டிவிட்டு வைப்பவராக இருக்கவில்லை. ஒரு கவிதையைப் பற்றி அடுத்த இதழில் ஒருவர் எழுதுவார்; அதற்கு மறுப்பை அதற்கடுத்த இதழில் மற்றொருவர் எழுதுவார். அவ்விதழில் வந்த கவிதைகளிலிருந்து 24 கவிஞர்களைத் தேர்ந்து 1962 இல் 'புதுக்குரல்கள்' என்னும் தொகுப்பு வெளியாயிற்று. பின்னர் அது பல்கலைக்கழகப் பாடநூலாகவும் ஆயிற்று. பெருங்கூட்டம் படித்து மறந்த தொடர்கதைகள் எத்தனையோ உள. சிலர் கூர்ந்து படித்த சிற்றிதழோ தமிழ்க் கவிதையின் போக்கையே திருப்பிவிட்டது. ஆகவே பரவலும் செல்வாக்கும் ஒன்றல்ல. இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றை மற்றொன்றாக மயங்கலாகாது.

இனி, என் கதைக்கு வருகிறேன்.

1980களின் இறுதியில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்றபோது, நண்பர் அறுவர் சேர்ந்து ஓர் இதழ் தொடங்கினோம். மெழுகுத்தாளில் ஊசிமுனைப் பேனாவால் எழுதி, கல்லூரி அலுவலகத்து உருளச்சுப் பொறியில் நூறு படிகள் எடுத்தோம். கைகளிலெல்லாம் மை, மனத்திலெல்லாம் பெருமை. முதல் இதழில் அறுவர் படைப்பும் இடம்பெற்றன. இரண்டாம் இதழில் முன்பக்கம் யாருக்கு என்பதில் பூசல். மூன்றாம் இதழில் வெளியார் ஒருவர் அனுப்பிய நல்ல கதையை, இடமில்லை என்று சொல்லி விலக்கினோம்; எங்களுள் ஒருவரின் நீண்ட கவிதைக்கு அவ்விடம் தேவைப்பட்டது. நான்காம் இதழோடு நின்றுபோயிற்று. ஆண்டிறுதியில் விடுதியைக் காலி செய்தபோது என் கட்டிலுக்கடியில் கட்டுக் கட்டாகப் படிகள் கிடந்தன. பணமில்லாமையால் நின்றது என்று அப்போது எல்லாரிடமும் சொன்னோம். உண்மை அதுவன்று. நாங்கள் அறுவரும் அவரவர் பக்கத்தை மட்டுமே படித்தோம். நண்பன் கதையின் இரண்டாம் பக்கத்தில் வரிகள் இடம் மாறி அச்சாகியிருந்ததை நான்கு மாதங்களாக எங்களுள் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. எழுதுவோர் அறுவர், படிப்போர் ஒருவருமிலர். அப்படிப்பட்ட இதழ் எப்படி வாழும்?

அப்பாடத்தை நான் முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பது பின்னர் தெரிந்தது.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, நான் ஆறாம் ஆண்டுக்குத் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு எங்களை ஆட்டிப்படைத்த காலம். 2021 இல் அத்தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. அன்றோ பள்ளியின் மானமே அதில்தான் இருப்பதாக நினைத்தோம். மாணவி ஒருத்தி ஓய்வு நேரத்தில் என்னிடம் வந்து ஒரு பயிற்சிப் புத்தகத்தை நீட்டினாள். அதில் ஒரு கதை. தன் பாட்டியின் பழைய பால்வாளியைப் பற்றியது. தோட்டம் துண்டாடப்பட்டுக் குடும்பம் நகரத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தபோது, அந்த வாளியை விட்டுவர மறுத்த பாட்டியின் கதை. "ஞாயிறு பத்திரிகையிலே மாணவர் பக்கத்துக்கு அனுப்பலாமா ஐயா? எப்படி அனுப்பறதுன்னு தெரியலை" என்று கேட்டாள்.

முதற்பக்கத்தைப் படித்தேன். நன்றாக இருந்தது. அதனாலேயே எனக்கு அச்சம் வந்தது. கட்டுரையை இந்த வடிவில் எழுதினால் தேர்வில் புள்ளி குறையுமே என்று எண்ணினேன். "நல்லா இருக்கும்மா. சோதனை முடியட்டும், அப்புறம் அனுப்பலாம்" என்று சொல்லி, புத்தகத்தை என் மேசை இழுப்பறையில் வைத்தேன். தேர்வு முடிந்தது. அவள் சிறப்புத் தேர்ச்சி பெற்றாள். பள்ளியின் விழுக்காடு உயர்ந்தது. பதாகை தொங்கவிட்டோம். இழுப்பறை மூடியே கிடந்தது.

பல ஆண்டுகளுக்குப் பின்னர், பதவி உயர்வு பெற்று வேறு பள்ளிக்கு மாறும்போது இழுப்பறையைக் காலி செய்தேன். அடியில் அப்புத்தகம் இருந்தது. அன்றுதான் அக்கதையை இறுதிவரை படித்தேன். என் தாயார் உயிரோடிருந்தால் "அப்புறம் என்னா ஆனாங்க அந்தப் பாட்டி?" என்று கேட்டிருப்பார். அத்தகைய முடிவு.

அவளைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. வங்கி ஒன்றில் பணியாற்றினாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தபோது வியந்து, புரட்டிப் பார்த்து, தன் கையெழுத்தைக் கண்டு சிரித்தாள். "இன்னும் எழுதறியாம்மா?" என்று கேட்டேன். "இல்லைங்க ஐயா. அதுக்கப்புறம் எழுதலை" என்றாள். குற்றஞ்சாட்டும் குரலில் அவள் சொல்லவில்லை. மழை பெய்ததா என்று கேட்டதற்கு இல்லை என்று விடையிறுப்பதுபோல் சொன்னாள். அதுவே என்னை வருத்திற்று. ஏன் எழுதவில்லை என்பதற்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். பன்னிரண்டு வயதில் எழுதுகிறவர் அனைவரும் எழுத்தாளராவதில்லை. ஆயினும், அக்கதைக்கு ஓர் அஞ்சல்தலை ஒட்டித் தரும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது. நான் அதைச் செய்யவில்லை.

இந்நாட்டில் இலக்கிய இதழ்கள் ஏன் நலிந்தன என்னும் கேள்வி மேடைதோறும் எழுகிறது. தோட்டங்கள் கலைந்தன என்கிறோம். தொலைக்காட்சி வந்தது என்கிறோம். கைப்பேசி வந்தது என்கிறோம். இவை யாவும் உண்மையே. லயம் கலைந்தபோது ஓர் இதழ் பன்னிரண்டு வீடு நடந்த வழியும் அழிந்தது. 95 ஆண்டுக்காலம் நடந்த 'தமிழ் நேசன்' 2019 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோனது. ஆனால் இவற்றுக்கிடையில் நாம் நம்மையும் சேர்த்து எண்ண வேண்டும். இதழுக்கு வரவேண்டிய கையெழுத்துப் படிகள் எத்தனை ஆசிரியர் இழுப்பறைகளில் உறங்கின? வாசகராக வளர்ந்திருக்கவேண்டிய எத்தனை பிள்ளைகளுக்கு, கதையைப் பயிற்சித்தாளாக மட்டும் காட்டினோம்?

எழுதுவோருக்கு இன்று பஞ்சமில்லை. முகநூலிலும் புலனக் குழுக்களிலும் நாள்தோறும் கவிதைகள் பொழிகின்றன. 2007 இல் அச்சிதழாகத் தொடங்கிய 'வல்லினம்' பின்னர் இணைய இதழாக மாறி, கடல்கடந்த வாசகரையும் அடைந்தது. எனவே கருவி மாறியதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. புலனத்தில் ஒரு கவிதை வந்த நொடியில் பெருவிரற்குறிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றுள் எத்தனை கவிதையைப் படித்தபின் இட்டவை? என் கட்டிலுக்கடியில் கிடந்த படிகளுக்கும் அக்குறிகளுக்கும் வேறுபாடு அதிகமில்லை. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் படித்துத் தேர்ந்தெடுப்பதும், தேறாததைத் திருப்பியனுப்புவதும் எழுதுவோருக்குச் செய்யப்படும் தொண்டு. என் பதினாறாம் வயதில் ஞாயிறு மலர் ஒன்றில் வந்த என் முதற் கதையில் மூன்றில் ஒரு பங்கு வெட்டப்பட்டிருந்தது. ஒரு வாரம் நான் யாரோடும் பேசவில்லை. வெட்டப்பட்ட பகுதி என்னிடம் இன்னும் இருக்கிறது. வெட்டியவருக்கு இன்று நான் நன்றி சொல்கிறேன்.

அப்புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த ஆண்டிலேயே எங்கள் பள்ளியில் ஒரு சிற்றிதழ் தொடங்கினேன். நான்கே பக்கம், ஒளிநகல் எடுத்தது, பிள்ளைகளே எழுதி, பிள்ளைகளே மடித்து, பிள்ளைகளே வகுப்புதோறும் கொண்டு செல்வது. அதற்கு விதி ஒன்றுதான். தன் படைப்பு இதழில் வரவேண்டும் என விரும்பும் மாணவர், முந்திய இதழில் வந்த மற்றொருவர் படைப்பைப் பற்றி ஐந்து வரியில் கடிதம் எழுதித் தரவேண்டும். கடிதம் இல்லையேல் கதை இல்லை. கல்லூரி விடுதியில் நாங்கள் அறுவரும் கற்கத் தவறிய பாடம் அதுவே.

முதல் மூன்று மாதங்கள் எல்லாக் கடிதங்களும் "கதை மிகவும் நன்றாக இருந்தது" என்றே வந்தன. சோர்ந்துபோனேன். நான்காம் மாதம், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் கடிதம் வந்தது. ஐந்தாம் ஆண்டு அண்ணன் எழுதிய நாய்க்குட்டிக் கதையைப் பற்றியது. 'மழையில் தொலைந்த நாய்க்குட்டி தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் நாய் தொலைந்தபோது வரவில்லை. அதனால் இது எனக்குப் பிடிக்கவில்லை' என்றிருந்தது. அதை அப்படியே வெளியிட்டோம். கதை எழுதியவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் என் அறைக்கு வந்து, "ஐயா, வேற முடிவு எழுதிட்டு வந்திருக்கேன்" என்றான். பிரட்டுக்களத்து வழியில் என் தாயார் செய்த வேலையைத்தான் அந்தச் சிறுவன் செய்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது.

இதழ் இன்றும் வருகிறது. சில மாதங்களில் தாமதமாக வருகிறது. அதனால் இலக்கியம் செழித்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். வாசகர் சிலர் உருவாகியுள்ளனர், அவ்வளவே.

ஆசிரியத் தோழர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. உங்கள் வகுப்பில் ஓர் இதழாவது இருக்கட்டும்; பூட்டிய அலமாரியில் அன்று, பிள்ளைகள் கை படும் இடத்தில். கிழமைக்கு ஒரு கதையை உரக்கப் படியுங்கள். முடித்ததும் வினாத்தாளை நீட்டாதீர்கள். 'அப்புறம் என்ன ஆயிருக்கும்?' என்று மட்டும் கேளுங்கள். 'தமிழ் முரசின்' பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் காத்துவருகிறது. உங்கள் தாத்தா பாட்டி காலத்துப் பிள்ளைகள் எப்படி எழுதினர் என்பதை மாணவர்க்குத் திறந்து காட்டுங்கள். ஒரு பிள்ளை கதை எழுதிக் கொண்டுவந்தால், அன்றே இறுதிவரை படித்துவிடுங்கள்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் பெயர் அச்சில் வரவேண்டும் என்னும் ஆசை நல்ல ஆசை. அதற்கு முன்னர், வேறொருவர் பெயரில் வந்ததை முழுதாகப் படித்து, பிடித்ததையும் பிடிக்காததையும் அவருக்கு ஐந்து வரியில் எழுதுங்கள். உங்கள் கதை வெளிவரும் நாளில் அதைப் படிக்க அவர் இருப்பார்.

என் மேசை இழுப்பறையை இப்போது வாரந்தோறும் வெள்ளிக்கிழமை மாலையில் திறந்து பார்க்கிறேன். காலியாக இருந்தால்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.